முகாமுக்கு மலிவான மோரா கத்தி போதுமா?

மடக்காத கத்தி வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், ஸ்வீடனின் மோரா கம்பானியன் சரிப்படுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம்.

அலகு சுமார் 10 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன். இதன் பலமே தீட்டியிருக்கும் விதம்தான். இரு பக்கமும் அகலமான ஒரே சரிவு, வெட்டும் விளிம்பு வரை நேராக இறங்கும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் படிய வைத்துத் தேய்த்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். காய்ந்த குச்சியில் சாய்த்து இழுத்துப் பாருங்கள், சுருள் சுருளாகச் செதில் வரும், தீ மூட்ட அது போதும். கேரட்டை மட்டும் நறுக்காமல் பிளக்கும், அது வேறு கதை!

குறை என்றால், அலகின் வால், அதாவது கைப்பிடிக்குள் நுழையும் பகுதி, கைப்பிடியின் கடைசிவரை போகாது. கட்டைவிரல் தடிமன் விறகைத் தட்டிப் பிளக்கலாம், கணு உள்ள கட்டையில் வைத்து அடிக்காதீர்கள். முதுகு விளிம்பும் மழுங்கலானது, தீக்கோலை, அதாவது தீ மூட்டப் பொறி தரும் உலோகக் கோலை, அதால் உரசினால் பொறி சரியாக வராது. முதுகில் இரண்டு அங்குல நீளத்துக்கு அரத்தால் ராவி விளிம்பைக் கூராக்கிக்கொண்டால் தீர்ந்தது.

அப்புறம், கார்பன் எஃகு அலகுள்ள வகை வேண்டாம். ஈரத்தோடு உறையில் போட்டால் துரு பிடிக்கும். துடைத்து எண்ணெய் பூசச் சோம்பல் என்றால் ஸ்டெயின்லெஸ்தான்.