காருக்கு எத்தனை குதிரைத்திறன் போதும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கார்களைப் பற்றித் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என்னிடம் 2017ஆம் ஆண்டு வாங்கிய போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நாள்தோறும் அதில்தான் புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை ஓட்டுவது எனக்காக மட்டும் ஓட்டுவது. காரின் 105 குதிரைத்திறன் இப்போது போதவில்லை என்று தோன்றுகிறது. சென்னையில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். எஞ்சினை இயக்கும் மென்பொருளை மட்டும் மாற்றினால் 135 வரை வரும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைப் பெரிதாகப் போட்டு சைலன்சர் குழாயையும் மாற்றினால் 180ஐ எட்டலாம் என்றார்கள். நண்பர் ஒருவர் தம் ஆக்டேவியா ஆர்எஸ் காரை 300 குதிரைத்திறனுக்கு உயர்த்தியிருக்கிறார். அதில் ஒருமுறை உட்கார்ந்து வந்த பிறகு 180கூடக் குறைவோ என்று நினைக்கிறேன். சாலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சரியான அளவு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதை ஓர் எண்ணாகவே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகன்,
கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணாகவே கேட்டிருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காருக்கும் நீங்கள் ஓட்டும் சாலைக்கும் 130இலிருந்து 135 வரை. 180 வேண்டாம். வேறொரு காருக்கு, வேறொரு ஊருக்கு இந்த எண் மாறும் என்பதால் இதை எப்படி வந்தடைந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் நாளை காரை மாற்றினாலும் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

திறன் எஞ்சினில் பிறந்தாலும், அது வேலை செய்யும் இடம் முன்சக்கர டயர்கள் இரண்டும் சாலையைத் தொடுகிற உள்ளங்கையளவுப் பரப்புதான். உங்கள் கார், உங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 1200 கிலோ இருக்கும். நிற்கும்போது அதில் அறுபது விழுக்காடு முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தியதும் எடை பின்னுக்குச் சாய்வதால், இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் பாதி எடைதான் மிஞ்சுகிறது. நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்று வைத்துக்கொண்டால் அந்த இரண்டு டயர்களும் வழுக்காமல் தரக்கூடிய இழுவிசை சுமார் 5300 நியூட்டன். இதைத் திறனாக மாற்றினால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரங்கள் ஏற்கக்கூடியது 120 குதிரைத்திறன் மட்டுமே. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை இழப்பு உண்டு. ஆகவே 135 உள்ள காரில் சக்கரத்துக்கு வருவது 117 அளவில் இருக்கும், 180 உள்ள காரில் 157 அளவில் இருக்கும். முன்னது மணிக்கு 60 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்திலேயே தன் முழுத்திறனையும் சாலைக்குக் கொடுத்துவிடும். பின்னது 80ஐ நெருங்கும்வரை அப்படிக் கொடுக்க முடியாது. அதுவரை மிகுதித்திறன் டயரைத் தேய்ப்பதற்கோ, டயர் சுழலாதபடி மின்னணுக் கட்டுப்பாடு எஞ்சினை அடக்குவதற்கோதான் போகும்.

இது காய்ந்த சாலைக் கணக்கு. நம்முடைய ஊர் வடகிழக்குப் பருவமழையின் ஊர். ஐப்பசியும் கார்த்திகையும் இல்லாத ஓர் ஆண்டை வைத்துக் கடலூர்க்காரர் கார் வாங்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஈரத்தில் டயர்கள் தரும் இழுவிசை காய்ந்த சாலையில் உள்ளதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடாகக் குறைகிறது என்று கொண்டு இதே கணக்கைப் போட்டேன். இப்போதுள்ள 105இல் முழுத்திறனும் பயன்படத் தொடங்குவது மணிக்கு 75 கி.மீ. வேகத்தில். 135இல் அது 97ஆகிறது. 180இல் 130ஆகிறது. நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்ச வரம்பு மணிக்கு 100 கி.மீ. மழையில் அந்த வரம்புக்குள் ஓட்டும்போது, 180 குதிரைத்திறன் உள்ள காரில் ஆக்சிலேட்டரை ஒருபோதும் கடைசிவரை மிதித்து வைத்திருக்க முடியாது. 135 உள்ள காரில் வரம்பின் விளிம்பில் முடியும். நான் சொன்ன எண் இங்கிருந்துதான் வருகிறது. டயரின் தரம், சாலையின் வழவழப்பு, எந்த கியரில் போகிறீர்கள் என்பனவெல்லாம் இந்தக் கணக்கைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தும். ஆனால் 180ஐ நியாயப்படுத்தும் அளவுக்கு நகர்த்தாது.

நண்பரின் காரில் நீங்கள் உணர்ந்தது பொய்யல்ல. 300 குதிரைத்திறன் முதுகை இருக்கையோடு அழுத்தும்போது வயிற்றில் ஒரு வெறுமை தோன்றுகிறதே, அதை நானும் விரும்புகிறவன். ஆனால் அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனித்தீர்களா? மணிக்கு 60இலிருந்து 100 கி.மீ.க்கு வேகம் கூட்டத் தேவைப்படும் ஆற்றலைச் சக்கரத்துக்கு வரும் திறனால் வகுத்தால், உங்கள் இன்றைய காருக்குக் குறைந்தது நாலரை வினாடி ஆகிறது. 135 இருந்தால் மூன்றரை வினாடி. 180 இருந்தால் இரண்டரை வினாடிக்குச் சற்று மேல். நண்பரின் கார் எடை கூடியது என்றாலும் இரண்டு வினாடியைச் சுற்றி முடித்துவிடும். காற்றின் தடையும் கியர் மாறும் நேரமும் சேர்ந்தால் எல்லாமே இன்னும் சிறிது கூடும். எஞ்சின் மூச்செடுத்துத் தன் உச்சத்துக்கு ஏறுவதைக் காலிலும் காதிலும் உணர்ந்து ஓட்டுவதுதான் ஸ்போர்ட்ஸ் காரின் இன்பம் என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டு வினாடியில் அந்த ஏற்றம் தொடங்குவதற்குள் சாலையின் வரம்பு வந்துவிடுகிறது. பிறகு காலைத் தூக்க வேண்டியதுதான். மீதி நேரமெல்லாம் அந்தக் காரின் திறனில் கால்வாசியை மட்டும் பயன்படுத்தி மற்றவர்களோடு வரிசையில் போகிறோம்.

நீங்கள் நாள்தோறும் போகும் வழியை எண்ணிப்பாருங்கள். மஞ்சக்குப்பத்தைக் கடந்து பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, முள்ளோடையில் எல்லையைத் தாண்டி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்குப் பின் ஊராக வருகிற சாலை அது. பேருந்தின் பின்னாலிருந்து வெளியே எட்டி வந்து முந்துவதற்குக் கிடைக்கும் இடைவெளி நூறு, நூற்றைம்பது மீட்டர். அந்த இடைவெளியில் 105க்கும் 135க்கும் உள்ள வேறுபாடு உண்மையாகவே உதவும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரத்தில் ஒரு வினாடி குறைவது சிறிய காரியமல்ல. அதற்கு மேல் 180இல் குறையும் முக்கால் வினாடி, முந்தவே கூடாத இடத்திலும் முந்தலாம் என்ற துணிச்சலைத் தருகிறது. இரவில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சாலையோரத்தில் காற்று கொண்டுவந்து படியவைக்கும் மணலையும் பார்த்திருப்பீர்கள். இவை எந்தக் கணக்கிலும் அடங்காதவை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னுடைய முந்தைய காரை, உங்களுடையதைப் போன்ற எடையும் முன்சக்கர இழுவையும் உடையதை, 170க்கு மேல் உயர்த்தி இரண்டு மழைக்காலம் ஓட்டினேன். இரண்டாவது கார்த்திகையில், தவளக்குப்பத்துக்குத் தெற்கே, தூறல் விட்ட சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக அழுத்தினேன். டர்போவின் இழுவை ஒரே கணத்தில் வந்து சேர்ந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் சுழன்றன, ஸ்டீயரிங் கையில் எடையற்றுப் போனது. ஒரு நொடிதான். கார் நேர்க்கோட்டிலேயே போனதால் பிழைத்தேன். சிறிய வளைவாக இருந்திருந்தால் எதிரே வந்த இருசக்கர வாகனத்தில் இருந்த தம்பதியர்மேல் போயிருப்பேன். பட்டறைக்காரர் மீது எந்தத் தவறும் இல்லை. நான் கேட்டதைச் செய்துகொடுத்தார். அடுத்த வாரமே மென்பொருளைப் பழைய அளவுக்கு அருகே இறக்கச் சொன்னேன். அதன்பின் அந்தக் காரை முன்னைவிட அதிகமாக ஓட்டினேன், முன்னைவிட மகிழ்ச்சியாகவும் ஓட்டினேன்.

இனி காரின் உள்ளே. உங்கள் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வரும்போது தரும் டார்க், அதாவது முறுக்குவிசை, 175 நியூட்டன் மீட்டர். அதோடு இணைந்த ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பெட்டி, எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. அதன் வடிவமைப்பு வரம்பு 250 நியூட்டன் மீட்டர். மென்பொருள் மாற்றத்தில் 220 அளவோடு நிறுத்தினால் கிளட்சுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். 180 குதிரைத்திறனுக்குப் போகிறவர்கள் குதிரைத்திறனை மட்டுமே பேசுவார்கள். நடு வேகத்தில் டார்க் எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள். அது வரம்பைத் தொடும், பெரும்பாலும் தாண்டும். அரியாங்குப்பத்து நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே நாள்தோறும் அரைமணி நேரம் ஊர்கிற கிளட்ச் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 25 பாகையில் இருக்கும் காற்று 40 பாகைக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஐந்து விழுக்காடு குறைகிறது. டர்போ கூடுதலாக அழுத்தி அதை ஈடுசெய்யப் பார்க்கும். அழுத்த அழுத்தக் காற்று மேலும் சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதை உணர்ந்து, எஞ்சினைக் காப்பாற்ற அதன் கட்டுப்பாட்டுக் கணினியான இசியு தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும், திறன் இறங்கும். குளிரூட்டிய அறையில் திறனை அளக்கும் கருவியான டைனோ காட்டிய 180 கத்திரி வெயிலில் சாலையில் கிடைக்காது. 135க்கு அமைத்த கார் அதே வெயிலில் தன் எண்ணுக்கு மிக அருகில் நிற்கும். பட்டறையில் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில், அதே நாளில், சக்கரத்தில் அளந்த எண்கள் வேண்டும். மாற்றத்துக்குப் பின் அளந்தது மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் திறனைப் பற்றிப் பேசுவது அரைப் பேச்சு. மணிக்கு 100 கி.மீ.இல் போகும் காரை நிறுத்த எவ்வளவு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டுமோ, 140இல் அதைப் போல இருமடங்கை மாற்ற வேண்டும். உங்கள் காரில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். அவை 105 குதிரைத்திறனுக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும், மிதித்த பெடல் தரையைத் தொடும். நான்கு ஆண்டுகளாக மாற்றாத பிரேக் ஆயிலோடு பெரிய டர்போ கேட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்திலும் பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லாதது எனக்குக் கவலையளித்தது.

மகிழ்ச்சியாக ஓட்டத்தக்க கார்கள் என்று உலகம் கொண்டாடியவற்றில் பலவும் எளிய எண்களை உடையவை. 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5இன் எஞ்சின் 1.6 லிட்டர், அதன் திறன் 115ஐ ஒட்டியது, காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1996இன் லோட்டஸ் எலிஸ் காரில் 118 குதிரைத்திறன், எடை முக்கால் டன்னுக்குள். எடையைக் குறைத்ததால்தான் அவர்களுக்கு அந்தத் திறன் போதுமானதாக இருந்தது. உங்கள் காரின் பின்னால் ஸ்பீக்கர் பெட்டியும் வேறு சாமான்களுமாக ஐம்பது கிலோ கிடந்தால் முதலில் அதை இறக்குங்கள். செலவில்லாமல் நான்கு விழுக்காடு திறன் கூடியதற்குச் சமம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எதைச் செய்வதற்கு முன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் 135ஐயும் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 180இன் ஆசை அப்போதும் அடங்கவில்லை என்றால் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளப் பந்தயத்தடம் இருக்கிறது. அங்கே எதிரே யாரும் வருவதில்லை.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் நான்கு டயர்கள். பிறகு புதிய பிரேக் ஆயிலும் தரமான பிரேக் பேடுகளும். தேய்ந்த சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களையும் தளர்ந்த ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுங்கள். இவற்றோடு, இப்போதுள்ள 105ஐ வைத்துக்கொண்டே வரும் மழைக்காலம் முழுவதும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் மரக்காணம் போய்த் திரும்பியதும், எத்தனை முறை ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்து மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்க முடிந்தது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். தை பிறந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். மென்பொருளைப் பற்றி அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
புதுச்சேரி