ரோஜா நிற வீட்டுக்காரர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க வேளாண் கல்லூரிகளைப் பற்றிய கட்டுரையில், அவற்றுக்கு வழிசெய்த சட்டத்தைக் கொண்டுவந்த ஜஸ்டின் மோரிலை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் கடை வைத்திருந்தவர் என்று படித்தேன். கல்லூரி வாசலை மிதிக்காத வியாபாரிக்கு இந்த அக்கறை எப்படி வந்தது? ஓட்டுக்காகவா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாசலை மிதிக்க முடியாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மோரில் 1810-இல் வெர்மான்ட் மாநிலத்து ஸ்ட்ராஃபோர்டு கிராமத்தில் பிறந்தவர். அப்பா கொல்லர். மேலே படிக்கவைக்க வசதியில்லை. பையன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு உள்ளூர்ப் பிரமுகர் ஜெடெடையா ஹாரிஸின் கூட்டாளியாகி நன்றாகச் சம்பாதித்தார். 1848-இல், 38 வயதில், போதும் என்று வியாபாரத்தை விட்டுவிட்டு ஊரிலேயே ஒரு வீடு கட்டினார். கூரிய கோதிக் முகடுகள், சுவரெல்லாம் ரோஜா நிறம். இன்றும் நிற்கிறது, படம் கிடைத்தால் பாருங்கள்.

1855-இல் நாடாளுமன்றம் போனார். இரண்டே வருடத்தில் கல்லூரி மசோதாவைக் கொண்டுவந்தார். இரு அவைகளும் நிறைவேற்றியதை 1859-இல் அதிபர் புக்கானன் நிராகரித்தார். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது, எதிர்த்த தென்மாநிலத்தார் அவையை விட்டுப் போனார்கள். 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்டார்.

கணக்கு ஒரு வியாபாரி போட்டதுதான். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு 30,000 ஏக்கர் என்று கணக்கிட்டு, மத்திய அரசு தன் நிலத்தை மாநிலத்துக்குத் தரும். அதை விற்று முதலாக்கி, வட்டியில் வேளாண்மையும் பொறியியலும் சொல்லித்தர வேண்டும். எல்லைக்குள் மத்திய அரசின் நிலம் இல்லாத மாநிலங்களுக்குப் பத்திரம் தந்தார்கள். அதை வாங்கியவர் மேற்கே போய் நிலம் எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்குக்கு 9,90,000 ஏக்கருக்குப் பத்திரம் கிடைத்தது. அதுவும் எஸ்ரா கார்னெலின் சொந்தப் பணமும் சேர்ந்து எழுந்ததுதான் கார்னெல் பல்கலைக்கழகம்.

ஓட்டுக்காக என்றால் 1862-உடன் நிறுத்தியிருப்பார். கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும் என்று செனட்டில் விடாமல் கேட்டு, 80 வயதில், 1890-இல் இரண்டாவது சட்டத்தையும் வாங்கினார். நிறம் பார்த்து மாணவர்களைச் சேர்க்கும் மாநிலத்துக்குப் பணம் கிடையாது என்றது அது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தினால் போதும் என்றும் வழிவிட்டது. அந்த விட்டுக்கொடுத்தல் எனக்கு வலிக்கிறது. 1898-இல் இறக்கும்வரை அவர் செனட்டர்.

சரி, அந்த ஏக்கர்கள் யாருடையவை? ஒப்பந்தம் என்ற பெயரிலும் படைபலத்தாலும் பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கியவை. மோரிலின் கணக்கில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. என் கட்டுரையிலும் இல்லை. அதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும்.