மலையிலிருந்து இணையத் தொழில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் சாக்லேட் செய்து உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். இணையத்தில் விற்றால் நாடு முழுவதும் விரிவாக்க முடியுமா? (வாசகி, குன்னூர்)

பதில்: விற்க முடியும், ஆண்டு முழுவதும் விரிவாக்குவது கடினம். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும் என்பதால், குன்னூரில் கட்டியாக இருக்கும் சரக்கு சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போதே இளகத் தொடங்கும். வெப்பம் தாங்கும் பெட்டியில் அனுப்பலாம் என்றால், கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்து, அந்தக் கணக்கு உண்மை எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 30×20×20 அளவுள்ள பெட்டியில் அரைக் கிலோ சாக்லேட் வைத்தாலும் 2.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நிறுவனங்களுக்கான பரிசுப் பெட்டிகளை மட்டும் முன்பதிவின் பேரில் செய்து பாருங்கள்.

கேள்வி: குறைந்த முதலீட்டில் அதிக லாபம் தரும் ஆன்லைன் தொழில் ஒன்று சொல்லவும். (வாசகர், ஊட்டி)

பதில்: உங்களுக்கு என்ன தெரியும், கையில் எவ்வளவு இருக்கிறது, நாளுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்ற மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. எழுதி அனுப்பினால் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பூம்பாறையில் எங்களுக்குப் பூண்டுத் தோட்டம் உள்ளது. மலைப்பூண்டுக்கென்று தனி இணையதளம் தொடங்க ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில், அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த உரிமையுள்ள அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்வதே உங்கள் முதல் வேலை. சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்பவர்களிடமிருந்து உங்களை வேறுபடுத்திக் காட்ட அது உதவும். ஆனால் இணையம் எவ்வளவு விரிந்தாலும் உங்கள் நிலம் விரியாது. அக்கம்பக்கத்து விவசாயிகளின் சரக்கையும் ஒரே தரத்தில் சேர்க்க முடிந்தால்தான் இது விரிவடையும் தொழில். இணையதளத்துக்கு முன் வாட்ஸ்அப்பிலேயே முன்பணம் கொடுத்து வாங்கும் பத்துப் பேரைப் பிடியுங்கள்.

கேள்வி: 45,000 ரூபாய் கட்டி டிராப்ஷிப்பிங் பயிற்சியில் சேர நினைக்கிறேன். ஆறு மாதத்தில் மாதம் ஒரு லட்சம் வரும் என்கிறார்கள். சேரலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: இதே கேள்வி மாதந்தோறும் ஊர் பெயர் மட்டும் மாறி வருகிறது, நானும் சளைக்காமல் ஒரே பதிலை எழுதுகிறேன். டிராப்ஷிப்பிங்கில் சரக்கே வைக்காமல், ஆர்டர் வந்த பிறகு சப்ளையரிடமிருந்தே வாடிக்கையாளருக்கு அனுப்பி விற்கலாம் என்பது உண்மைதான். லாபம் எங்கே போகிறது என்பதைத்தான் அந்தப் பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. 300 ரூபாய்க்கு வாங்கும் பொருளை 700 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆர்டர் பிடிக்க, ஆர்டருக்கு 200 வீதம் விளம்பரத்துக்கு 20,000. அனுப்புவதற்கு 80 வீதம் 8,000. பொருளைக் கையில் வாங்கும்போது பணம் கொடுப்பவர்களில் கால்வாசிப் பேர் வாங்காமல் திருப்பினால், அந்த 25 பொட்டலங்கள் திரும்பி வர இன்னொரு 2,000. விற்ற 75 பொருட்களின் அடக்க விலை 22,500. மொத்தச் செலவு 52,500; வரவும் 75×700, அதாவது அதே 52,500. இதில் வரியும், பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணமும், உடைந்து திரும்பிய சரக்கும் சேரவில்லை. ஆர்டர் ஆயிரமானால் உழைப்பு பத்து மடங்காகும். மிச்சம் அதே சுழிதான். இந்தத் தொழிலில் அவ்வளவு பணம் கொட்டுகிறதென்றால், அவர் ஏன் தொழிலை விட்டுவிட்டுப் பாடம் நடத்தி, உங்களுக்கு மாதத் தவணையும் ஏற்பாடு செய்து தருகிறார் என்று கேளுங்கள். அந்த 45,000-ஐ வங்கியில் போட்டுவிட்டு, அதில் ஐயாயிரத்தை மட்டும் எடுத்து ஒரே ஒரு பொருளுக்கு நீங்களே விளம்பரம் செய்து பாருங்கள். மீண்டும் சொல்கிறேன்: பணம் கொடுத்து வாங்கிய பத்துப் பேர் கிடைக்கும்வரை எதிலும் பெரிய தொகை போடாதீர்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

பதில்: சேவை என்றால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது. வரிக்குட்பட்ட பொருளை வெளி மாநிலத்துக்கு விற்பதாயின், பொதுவாக முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். கூடலூர்க்காரர்கள் இதைக் கவனிக்கவும். கேரளமும் வெளி மாநிலம்தான்.

கேள்வி: போட்டித் தேர்வுகளுக்கு ஜூமில் வகுப்பு எடுக்கிறேன். 30 பேருக்கு மேல் சமாளிக்க முடியவில்லை. (ஆசிரியை, பண்ணைக்காடு)

பதில்: நேரலை வகுப்பு உங்கள் நேரத்தை விற்பது, நேரம் பெருகாது. பாடத்தைப் பதிவு செய்து, வினா வங்கியையும் மாதிரித் தேர்வையும் தனியாக விலை வையுங்கள். முப்பதாவது மாணவருக்கும் மூவாயிரமாவது மாணவருக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான்.

கேள்வி: பச்சைத் தேயிலை ஏஜென்டிடம் கணக்கு எழுதுகிறேன், கொஞ்சம் கோடிங்கும் தெரியும். எந்தத் தொழில் தொடங்கலாம்? (வாசகர், மஞ்சூர்)

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தினமும் இலை எடை, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு, கொடுத்த முன்பணம், உரக்கடன், மாத இறுதியில் விலை வந்தபின் ஒவ்வொரு விவசாயிக்கும் பட்டுவாடா என எல்லாம் இன்னும் பல இடங்களில் நோட்டுப் புத்தகத்தில்தான் ஓடுகின்றன. கைபேசியில், சிக்னல் இல்லாத இடத்திலும் எடையைப் பதியும் எளிய செயலி ஒன்றைச் செய்து மாதச் சந்தாவுக்குக் கொடுங்கள். இங்கே ஓடினால் வயநாட்டிலும் இடுக்கியிலும் ஓடும். மலையாளம் சேர்த்தால் போதும். முதலில் உங்கள் ஏஜென்டின் ஒரு மாதக் கணக்கை நோட்டிலும் செயலியிலும் சேர்த்தே எழுதுங்கள். பைசா பிசகாமல் பொருந்திய பிறகு அடுத்த ஏஜென்டிடம் போங்கள். இலவசமாக மட்டும் கொடுக்காதீர்கள்.