லொறிக்கு டீசல் பிரஷர் கேஜ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: அண்ணை, என்னுடையது பழைய ஆறு சக்கர லொறி, 24 வோல்ட், எஞ்சின் பக்கத்தில் நீளமான இன்லைன் பம் இருக்கிறது. நெல் ஏற்றிக்கொண்டு போனால் கந்தளாய், ஹபரணை வரை ஒரு குறையும் இல்லை. தம்புள்ளை தாண்டி மாத்தளைப் பக்கம் ஏற்றம் தொடங்கியதும் இழுவை விழுந்துவிடுகிறது. பில்டர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. இன்ஜெக்சன் பம்மைக் கழற்றிச் செய்யவேண்டும் என்கிறார் ஒருவர், அதற்குப் பெருஞ்செலவு. முதலில் டீசல் பிரஷர் கேஜ் போட்டுப் பார் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

பதில்: தம்பி, இரண்டாவது ஆள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் லொறியில் டீசல் போகும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜெக்சன் பம்மின், அதாவது நீங்கள் சொல்லும் அந்த நீளமான இன்லைன் பம்மின், விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பீட் பம் டாங்கியிலிருந்து டீசலை இழுத்து, பில்டர் வழியாகத் தள்ளி, பெரிய பம்முக்குக் கொடுக்கிறது. மிஞ்சுவது ஓவர்ஃப்ளோ வால்வைத் தாண்டி டாங்கிக்கே திரும்புகிறது. சும்மா நிற்கும்போது எஞ்சின் குடிப்பது கொஞ்சம்தான், அதனால் பாதி அடைத்த லைனும் அந்த வேலைக்குப் போதும். முழுச் சுமையோடு ஏற்றத்தில் பெடலை மிதிக்கும்போதுதான் குறை வெளியே வரும். கராஜ் வாசலில் நிறுத்தி முறுக்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடுவது இதனால்தான்.

இந்த மாதிரி இன்லைன் பம்முக்கு முன்னால் டீசல் பிரஷர் பொதுவாக 1 முதல் 2.5 பார் வரை, அதாவது ஏறக்குறைய 15 முதல் 35 பிஎஸ்ஐ இருக்கவேண்டும். உங்கள் எஞ்சினுக்கான சரியான எண்ணை அதன் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் கடைசிச் சொல். சமதரையில் 20 பிஎஸ்ஐ காட்டுகிற ஊசி மாத்தளை ஏற்றத்தில் 5க்கு இறங்கினால் பெரிய பம்மைக் குற்றம் சொல்லாதீர்கள், கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஏற்றத்திலும் 20லேயே நின்று, இழுவை மட்டும் விழுந்தால் அப்போது எயார் பில்டர், டர்போ, இன்ஜெக்டர், பம் என்று அந்தப் பக்கம் தேடலாம். பெருஞ்செலவுக்கு முன்னால் இந்தப் பதில் கையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆனால் கேஜ் வாங்கக் கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. பீட் பம்முக்குள் டீசல் நுழையும் இடத்து போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், பல பம்களில் அதற்குள் விரல் நுனியளவு வலைச் சல்லடை ஒன்று இருக்கும். பெரிய பில்டரை மாசத்துக்கு மாசம் மாற்றுகிற ஆட்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். சென்ற வருடம் இதே கதையோடு என்னிடம் வந்த ஒரு லொறியில் அந்தச் சல்லடையைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன். பழுப்பு நிறச் சேறு, துரு, அதோடு கேன் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டு. 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் கிடைத்த கேனிலும் பீப்பாயிலும் சேர்த்து வைத்து ஊற்றினோமே, அந்த அழுக்கு இன்னும் எத்தனையோ டாங்கிகளின் அடியில் கிடக்கிறது. கடல் காற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற வாகனம் என்றால், பாதி டாங்கியோடு இரவு நிறுத்தினால் உள்ளே நீர் வியர்ப்பதும் உண்டு. பில்டரின் அடியில் தண்ணீர் திறக்கும் திருகு இருந்தால் வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

சரி, கேஜுக்கு வருவோம். 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை காட்டுவதை வாங்குங்கள். உங்கள் அளவு அதன் நடுப்பகுதியில் விழும், ஊசி ஓரளவு உண்மை பேசுவதும் நடுப்பகுதியில்தான். 150 வரை போகும் கேஜில் 5 பிஎஸ்ஐ வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

பித்தளைக் குழாய் வைத்த நேரடிக் கேஜ் மலிவு, நம்பிக்கையானதும்கூட. ஆனால் அதை டாஷ்போர்டில் வைத்தால் டீசல் கேபினுக்குள் வரும். இதை மட்டும் செய்யாதீர்கள். மெல்லிய நைலோன் குழாய் கேபின் தகட்டில் உரசி உரசி வெடித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாரதியின் காலில் டீசல் கொட்டிய ஒரு வண்டியைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன், பிரேக் பெடல் முழுக்க வழுவழு என்றிருந்தது. கேபினில் பார்க்கவேண்டுமென்றால் சென்சர் வைத்த மின்சாரக் கேஜ். ஒரு தடவை சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் நேரடிக் கேஜை வெளியே தெரிகிற மாதிரி எஞ்சின் பக்கத்திலேயே கட்டிவிட்டு, ஏற்றத்தில் போனில் வீடியோ எடுத்தாலும் போதும்.

மின்சாரக் கேஜ் வாங்கும்போது வோல்ட்டைக் கேளுங்கள். கடைகளில் வருவதில் பெரும்பாலானவை 12 வோல்ட் பிக்கப்புக்கானவை. உங்கள் 24 வோல்ட்டில் கொடுத்தால் அன்றைக்கே கருகும். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் ஒரு பற்றரி எப்போதும் குறைச் சார்ஜில் கிடந்து சீக்கிரம் போய்விடும். 24 வோல்ட் கேஜ் கிடைக்காவிட்டால் 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் ஒன்று நடுவில் போடுங்கள், பியூஸும் சேர்த்து.

எங்கே பொருத்துவது? பில்டருக்குப் பிறகு, இன்ஜெக்சன் பம்முக்குள் நுழையும் வாயில். பில்டருக்கு முன்னால் வைத்தால் பில்டர் அடைக்க அடைக்கப் பிரஷர் கூடித்தான் காட்டும், நீங்களும் நல்லது என்று நினைத்துவிடுவீர்கள். வாயில் உள்ள, டீசல் போகத் துளை வைத்த ஓட்டைப் போல்ட்டுக்குப் பதிலாக, தலையில் கேஜுக்கு மரை வெட்டிய போல்ட் ஒன்றைப் போடலாம். மரையில் கவனம்: அமெரிக்க எட்டிலொரு அங்குல மரை அங்குலத்துக்கு 27 புரி, பிரிட்டிஷ் மரை 28 புரி. கையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். செப்பு வாஷர் புதிது போடுங்கள், இல்லாவிட்டால் பழையதைச் சிவக்கச் சுட்டு ஆறவிட்டுப் போடுங்கள், மென்மையாகிவிடும். வெள்ளை டேப் சுற்றாதீர்கள், அதன் நார் ஒன்று உள்ளே போனால் இன்ஜெக்டரில்தான் போய் நிற்கும். டீசலைத் தாங்கும் பசை கிடைக்கிறது.

எல்லாம் முடிந்ததும் கைப் பம்மை அடித்து எயார் எடுங்கள், குமிழி வராமல் டீசல் மட்டும் வரும்வரை. ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அப்புறம் நெல்லை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போங்கள்.

மூதூரிலிருந்து: கேஜ் போட்டேன், ஊசி நிற்காமல் துடிக்கிறது. கேஜ் பழுதா?

பதில்: பழுது இல்லை. பீட் பம் உள்ளே ஒரு பிஸ்டன் போய்வந்துதான் டீசலைத் தள்ளுகிறது, அந்த ஒவ்வொரு தள்ளலையும் ஊசி காட்டுகிறது. அப்படியே விட்டால் கேஜோ சென்சரோ சீக்கிரம் செத்துவிடும். இடையில் மிகச் சிறிய துளை வைத்த துடிப்படக்கி ஒன்று போடுங்கள், அல்லது சின்ன ஊசி வால்வு வைத்து ஊசி அமைதியாகும்வரை மூடுங்கள், முழுக்க மூடிவிடாதீர்கள். சென்சரை எஞ்சினில் முறுக்கியிருந்தால் அதையும் கழற்றி, டீசல் ஹோஸ் வழியாகச் சேசிஸில் கொண்டுபோய்க் கட்டுங்கள், அதிர்வு குறையும்.

கிண்ணியாவிலிருந்து: எனது லொறி கொமன் ரெயில். பில்டருக்குப் பிறகு கேஜ் வைத்தேன், பூச்சியத்திலேயே நிற்கிறது, ஆனால் லொறி நன்றாக ஓடுகிறது. ரெயிலில் வைத்துப் பார்க்கட்டுமா?

பதில்: ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் அந்தப் பொதுக் குழாயில், கை வைக்காதீர்கள். அங்கே 1,600 பார், சில எஞ்சின்களில் அதற்கும் மேல். மயிர்க்கோடு போன்ற பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும், வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இராது, ஆனால் சில மணி நேரம் தாமதித்தாலே விரலையோ கையையோ இழக்க நேரலாம். யாருக்காவது அப்படி ஆனால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்லவேண்டும். ரெயில் பிரஷரை ஸ்கேனரில் பார்க்கலாம், அதற்கென்று சென்சர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

உங்கள் கேஜ் பூச்சியம் காட்டுவதற்குக் காரணம் வேறு. இப்படிப்பட்ட பல லொறிகளில் டாங்கிப் பக்கம் தள்ளும் பம் கிடையாது, உயர் பிரஷர் பம்மோடு சேர்ந்திருக்கும் சின்னப் பம்தான் பில்டர் வழியாக உறிஞ்சுகிறது. உறிஞ்சும் லைனில் பிரஷர் எப்படி இருக்கும்? அங்கே வேண்டியது வெற்றிடம் காட்டும் கேஜ். புதுப் பில்டர் போட்ட அன்று, சுமையோடு ஓடும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். அந்த எண் ஏற ஏறப் பில்டரோ டாங்கிக் குழாயோ அடைக்கிறது. உறிஞ்சும் லைனில் நீங்கள் போட்ட இணைப்பு சரியாக இறுகாவிட்டால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும், காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும். அதனால் பழைய கேஜைக் கழற்றிவிட்டு அங்கே வேறு கேஜ் போடாவிட்டால் அந்த வாயைப் புது வாஷரோடு நன்றாக அடைத்துவிடுங்கள்.