போட்டி நிறுவனங்கள் சேர்ந்து புதுத் தொழில்நுட்பம் கொண்டுவர முடியுமா? எப்படி?

முடியும். ஆனால் எல்லாவற்றையும் பகிரலாம் என்று தொடங்கினால் இரண்டாவது கூட்டத்துக்கே ஆள் வராது. திருப்பூர் சாயப்பட்டறைகளைப் பாருங்கள். ஷேடு ரெசிப்பியை, அதாவது ஒரு நிறத்துக்கான சாயக் கலவைக் கணக்கை, பக்கத்துப் பட்டறைக்காரர் கண்ணில் காட்ட மாட்டார்கள்; கழிவுநீரில் மட்டும்தான் கூட்டு.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் கழிவு கலக்கக் கூடாது. ஆர்ஓ வடிகட்டியில் பெரும்பங்கு தண்ணீர் நல்லதாகத் திரும்பிவிடும். தலைவலி, மிஞ்சும் உப்புக் கரைசல் (சாயம் துணியில் ஏறப் போடும் உப்புதான் இது). அதை எவாபரேட்டரில் காய்ச்ச எரிபொருள் செலவு ஏறும். கடைசியில் கையில் நிற்பது விலைபோகாத கலப்பு உப்பு. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனியோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள்: நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அந்தக் கரைசலையே சாயமேற்ற திருப்பி அனுப்புவது.

பட்டறையில் கணக்கு இப்படி வரும். 1,000 லிட்டர் பாத்துக்கு (துணியை முக்கும் சாயத் தண்ணீர்) லிட்டருக்கு 60 கிராம் உப்பு வேண்டும் என்று வையுங்கள், மொத்தம் 60 கிலோ. வரும் கரைசலில் லிட்டருக்கு 40 கிராம் இருந்தால், 700 லிட்டர் ஊற்றினால் 28 கிலோ வந்துவிட்டது. மீதி 32 கிலோவைப் புதிதாகப் போடலாம். சாயம் கரைக்க 300 லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கிறது.

கெடுவது எங்கே? கால்சியம், மெக்னீசியம் மிஞ்சினால் துணியில் திட்டுத் திட்டாக விழும். நிறம் மிஞ்சினால் வெளிர் ஷேடு மங்கும். அதனால் முதலில் கறுப்பு, நேவியில் ஓட்டிப் பார்ப்பதுதான் புத்தி. இவற்றைவிடப் பெரிய வில்லங்கம், ஒரு பட்டறை கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) இன்னொன்று சாதா உப்பும் போடுவது. இரண்டும் குழாயில் கலந்தால் பிரித்தெடுக்க மறுபடி செலவு. ஆகவே, மெஷின் வாங்கும் முன்பே எல்லோரும் ஒரே உப்பு என்று கையெழுத்து வாங்கிவிட வேண்டும். (இதற்குத்தான் கூட்டம் அதிகம் நடக்கும், மெம்பிரேனுக்கு அல்ல.)

பணத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். ஒதுக்கிய கிலோலிட்டர் அளவுக்குப் பங்கு முதலீடு. மாதாமாதம் அனுப்பிய கழிவுநீரின் அளவையும் டிடிஎஸ்ஸையும் (அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) வைத்துக் கட்டணம். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் மீட்டரும் வால்வும் வேண்டும். வால்வின் சாவி நிலையத்திடம் இருக்கட்டும், உறுப்பினரிடம் வேண்டாம். கரைசல் அனுப்பும்போது ஒரு பாட்டில் சாம்பிளை நிலையத்திலும் ஒன்றைப் பட்டறையிலும் தேதி போட்டு வையுங்கள். ஒரு லாட் துணி கெட்டுப்போனால் முதல் குற்றச்சாட்டு கரைசல் மேல்தான் வரும். பாட்டில் இல்லாவிட்டால் அந்தப் பஞ்சாயத்து முடியவே முடியாது.