பச்சை குத்துவது ஒரு தொழிலா?

அன்புள்ள ஐயா,

டிகிரி முடித்த என் மகன் டாட்டூ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான். என் பாட்டி ஊருக்கு வந்த குறத்தியிடம் நெல் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டவர். இதையெல்லாம் ஒரு தொழில், கலை என்று சொல்ல முடியுமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

தாராளமாகச் சொல்லலாம். கூலி நெல்லாக வந்தாலும் குறத்தி செய்தது தொழில்தான். ஆனால் உங்கள் கேள்வி ஜப்பானில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதனால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1720-ல் அங்கே அரசே பச்சையைத் தண்டனையாக்கியது. காதையும் மூக்கையும் அறுப்பதற்குப் பதில், திருடனின் கையில் வளையம் வளையமாகக் கோடு. ஹிரோஷிமா பக்கம் நெற்றியில் 'நாய்' என்றே எழுதினார்கள்.

1827 வாக்கில் குனியோஷி என்ற ஓவியர், சீனக் கதை ஒன்றின் வீரர்களை உடம்பெல்லாம் பச்சையோடு வரைந்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படங்கள். நன்றாக விற்றன. தீயணைப்புக்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும் தங்கள் முதுகிலும் அதே மாதிரி வேண்டுமென்று கிளம்பினார்கள். முதுகு முழுக்க ஒரே படம் என்றால் அரைகுறை ஆளால் ஆகாது. குச்சி நுனியில் ஊசிகளைக் கொத்தாகக் கட்டி, கையாலேயே குத்த வேண்டும். விட்டுவிட்டுக் குத்தி, ஒரு முதுகு முடிய வருடக்கணக்கில்கூட ஆகும். சீடன் குருவின் வீட்டிலேயே தங்கி, வாசல் பெருக்கி, ஊசி கட்டக் கற்று, தன் தொடையில் குத்திப் பழகுவான். தேறியபின் கிடைக்கும் தொழில்பெயர் 'ஹோரி' என்று தொடங்கும். நம் நாதஸ்வரக் குருகுலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1872-ல் அரசு இதைத் தடை செய்தது. மேல்நாட்டார் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைப்பார்களே என்ற கூச்சம். வந்த மேல்நாட்டாரோ தேடிப்போய்க் குத்திக்கொண்டார்கள்! 1881-ல் பிரிட்டிஷ் இளவரசர், பின்னாளில் நம்மையும் ஆண்ட ஐந்தாம் ஜார்ஜ். 1891-ல் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸ். ஜப்பானியருக்கு மட்டும் 1948 வரை தடை நீடித்தது.

அப்புறம் இன்னொரு வம்பு. ஊசியால் தோலைக் குத்துவது வைத்தியம், டாக்டர் லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடாது என்று ஒசாகாவில் ஒரு டாட்டூக்காரர் மேல் வழக்கு. 2017-ல் ஒன்றரை லட்சம் யென் அபராதம். அவர் விடவில்லை. 2018-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இது வைத்தியத்திலிருந்து வேறானது, இதற்கு வேண்டியது கலைத்திறன் என்றது தீர்ப்பு. முந்நூறு வருடத்தில் குற்றவாளி முத்திரை, அநாகரிகம், வைத்தியம் என்றெல்லாம் பெயர் வாங்கியதை ஒரு நீதிமன்றம் கலையென்று எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, உங்கள் மகன் விஷயம். ஊசியைச் சுத்தமாக வைக்கவும் மெஷின் பிடிக்கவும் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கும். அவன் படம் வரைவானா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.