எலி கடித்த ஒயருக்கு யார் காசு கொடுப்பது?

மலேசியாவின் பினாங்கிலிருந்து வேலை மாற்றலாகிச் சென்னைப் பெருங்குடிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, கார் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்தால் எலி ஒயரையெல்லாம் குதறி வைத்திருக்கிறது. ஹார்னஸை, அதாவது மொத்த ஒயர் தொகுப்பை, முழுசாக மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும், வாரண்டியில் வராது என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். குப்பைத்தொட்டி என் பார்க்கிங் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டு ஓனரோ அசோசியேஷனோ கொடுக்க மாட்டார்களா?"

கொடுக்க மாட்டார்கள் தம்பி. அவர்களோடு மல்லுக்கட்டி நாளைக் கடத்தாதீர்கள். சர்வீஸ் சென்டர் சொல்வதும் சரிதான். வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு. எலி அதில் சேராது. உங்களுக்குக் காசு வரக்கூடிய ஒரே இடம் உங்கள் இன்சூரன்ஸ், அதிலும் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' என்கிற பகுதி. அது இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

ஏன் இதை முதலில் கேட்கிறேன் என்றால், மலேசியாவிலிருந்து வரும் நாம் சறுக்குகிற இடம் இதுதான். அங்கே வருடா வருடம் ரோடு டாக்ஸ் எடுக்கும்போதே இன்சூரன்ஸையும் கூடவே புதுப்பித்துவிடுவோம். இங்கே தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு ரோடு டாக்ஸை வாங்கும்போதே ஆயுள் வரியாக ஒரே தடவையில் கட்டிவிடுகிறோம். அப்புறம் நினைவுபடுத்த ஒரு சடங்கும் கிடையாது. போதாக்குறைக்கு, 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் மட்டும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் கொடுத்திருப்பார்கள். ஷோரூமில் கொடுத்த பேப்பரில் மூன்று வருடம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம். தேர்ட் பார்ட்டி என்பது நீங்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு. எலி உங்கள் காருக்குச் செய்த சேதத்துக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. உங்கள் கார் ஒன்றரை வருடம் என்பதால், ஓன் டேமேஜை ஒரு தடவை நீங்களே புதுப்பித்திருக்க வேண்டும்.

புதுப்பித்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாலிசியில் எலி என்ற சொல்லைத் தேடாதீர்கள், அநேகமாக இருக்காது. வெளியிலிருந்து எதிர்பாராமல் நேர்ந்த சேதம் என்ற கணக்கில்தான் பெரும்பாலான கம்பெனிகள் இதை எடுத்துக்கொள்கின்றன. அதே பாலிசியில், தேய்மானம், தானாக வரும் எலக்ட்ரிக்கல் கோளாறு, ஒரு சேதத்தின் பின்விளைவாக வரும் இன்னொரு சேதம், இவற்றுக்குக் கொடுக்க மாட்டோம் என்றும் இருக்கும். பிரச்சினையெல்லாம் இங்கேதான். ஒயர் அறுந்திருப்பது தெரிந்த பிறகும் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்து, ஷார்ட்டாகி, என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. போய்விட்டால், ஒயருக்குக் கொடுக்கிறோம், ஈ.சி.யூ. உங்கள் தவறு என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அதனால் இனி சாவியைத் தொடாதீர்கள். பெட்ரோல் ட்யூபையும் எலி கடிக்கும் என்பதால் இது வெறும் காசு விஷயமும் இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும் வரை எதையும் சுத்தம் செய்யாதீர்கள், தெருமுனை எலக்ட்ரீஷியனை விட்டு ஒட்டுப்போடவும் வேண்டாம். கடிபட்ட முனைகள், எலிப் புழுக்கை, கூடு கட்டக் கொண்டுவந்த பஞ்சு, துணி எல்லாவற்றையும் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள். கம்பெனிக்கு இன்றே தகவல் சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போக ரோட்சைட் அசிஸ்டன்ஸ் பாலிசியிலேயே இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

இப்போது காசுக் கணக்கு. உங்கள் 38,000-ல் பார்ட்ஸ் 32,000, கூலி 6,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பது இங்கே உள்ள வழக்கம். ஹார்னஸையும் பெரும்பாலும் அதில்தான் சேர்ப்பார்கள். ஆக 16,000 போய்விடும். 1500 சி.சி. வரையுள்ள கார் என்றால் க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2,000. மிச்சம் 21,000 கம்பெனி கொடுக்கும், 17,000 உங்கள் கையிலிருந்து. 'ஜீரோ டெப்' சேர்த்து எடுத்திருந்தால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், உங்கள் பங்கு அந்த 1,000 மட்டும்தான்.

இதோடு முடியவில்லை. க்ளெய்ம் செய்தால், க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்ஜியத்துக்குப் போகும். மலேசியாவில் நமக்குக் கிடைக்கும் என்.சி.டி. தள்ளுபடி மாதிரியேதான், அங்கே 55 சதவீதம் வரை ஏறும், இங்கே 20, 25, 35, 45 என்று ஏறி 50-ல் நிற்கும். நீங்கள் இப்போது 20-ல் இருப்பீர்கள். க்ளெய்ம் செய்யாவிட்டால் வரும் ஐந்து வருடங்களில் 25, 35, 45, 50, 50 என்று கிடைத்திருக்கும். செய்தால் 0, 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். ஐந்து வருடத்தில் நீங்கள் இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 80 சதவீதம் வருகிறது. பிரீமியம் 10,000 என்றால் 8,000 ரூபாய், அதுவும் ஐந்து வருடத்தில் பிரிந்து போவது. ஜீரோ டெப் இல்லாவிட்டாலும் 21,000 வாங்கிக்கொண்டு 8,000 விடுவது உங்களுக்கு லாபம்தான், தயங்காமல் க்ளெய்ம் செய்யுங்கள்.

ஆனால் இதே எலி இரண்டு ஒயரை மட்டும் கடித்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 50 சதவீத போனஸில் இருப்பவர் ஒரு க்ளெய்மால் அடுத்த ஐந்து வருடத்தில் இழப்பது ஒன்றேகால் வருட பிரீமியம். நாலாயிரம், ஐந்தாயிரம் பில்லுக்கு அதைத் தொடுவது முட்டாள்தனம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அறுந்ததை சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு இணைத்துக் கொடுப்பார். என்ன, வாரண்டி ஓடும் காரில் வெளியாள் கை வைத்தால் பின்னால் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் ஷோரூம்காரர் அதைத்தான் காட்டுவார். அதே சர்வீஸ் சென்டரில், முழுசாக மாற்றாமல் கடிபட்ட பகுதியை மட்டும் சரி செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து எடுத்த 'என்ஜின் ப்ரொடெக்ட்' இதற்கு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே அதன் பெயர் தெரியாத ஆள் இல்லை. அது என்ஜினுக்குள் தண்ணீர் போனால் வரும் சேதத்துக்கு. எலிக்கு அதை நம்ப வேண்டாம்.

அசோசியேஷன் விஷயம். நம் ஊர் காண்டோவில் மேனேஜ்மென்ட் ஆபீஸ் போய்ச் சத்தம் போட்ட பழக்கம் நமக்கு. இங்கே மீட்டிங்கில் பேச்சு ஓனருக்குத்தான், வாடகைக்கு இருப்பவரின் வாட்ஸ்அப் மெசேஜுக்கு ஒரு கும்பிடு எமோஜி வரும், அவ்வளவுதான். ஓனரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். நஷ்டஈடு கேட்டால் எல்லோரும் விறைத்துக்கொள்வார்கள். பெஸ்ட் கண்ட்ரோல் போடுங்கள், தொட்டியை நகர்த்துங்கள் என்று கேட்டால் நடக்கும், ஏனென்றால் அடுத்த கார் அவர்களுடையது. தெருவில் குப்பை தேங்கினால் மாநகராட்சிக்கு 1913.

எலியைத் தடுக்க ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்: பாச்சை உருண்டை, புகையிலை, ஸ்ப்ரே. பாச்சை உருண்டை வாடை ஏ.சி. வழியாக உங்கள் மூக்குக்குத்தான் வரும். சோயா கலந்த ஒயர் உறைதான் எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் 2016-ல் டொயோட்டா மீது வழக்கே போட்டார்கள். என் கருத்து, உறை எதுவானாலும் எலி கடிக்கும். அதன் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். மழையில் வளையில் தண்ணீர் ஏறும்போது சூடான பானெட்டைவிட நல்ல இடம் அதற்கு ஏது? ஊருக்குப் போகும்போது தெரிந்தவரிடம் சாவி கொடுத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். இருக்கிற வைத்தியத்தில் உருப்படியானது அது. ஹோண்டா மிளகாய்க் காரம் கலந்த டேப் ஒன்று விற்கிறது, கிடைத்தால் புது ஹார்னஸுக்குச் சுற்றலாம். பானெட்டுக்குள் விஷம் வைக்காதீர்கள், உள்ளேயே செத்தால் நாற்றம் தாங்காது.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

சர்வீஸ் சென்டரில் அட்வான்ஸ் கேட்பார்கள். சர்வேயர் ஒப்புதல் வரும் வரை கட்ட வேண்டாம், ஹார்னஸை ஆர்டர் போடவும் விடாதீர்கள்.